கடலோர வீட்டில் கண்டென்சர் மைக்: வாங்குவது முதல் உலர்த்தி வைப்பது வரை

ஐப்பசி மழை தொடங்கிச் சில நாட்களில், வீட்டில் பாட்டும் பேச்சும் பதிவு செய்பவர்களிடமிருந்து ஒரே மாதிரியான புகார் கிளம்பும். மைக் பொரிகிறது, பாட்டுக்கு நடுவே சடசடவென்று ஓசை வருகிறது, நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது என்பார்கள். முதலில் கேபிளை மாற்றுவார்கள், பிறகு மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸைச் சந்தேகிப்பார்கள், கடைசியில் புது மைக்குக்குப் பணம் தேடுவார்கள். பெரும்பாலும் அந்த மைக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஈரம் ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் கண்டென்சர் மைக் வைத்திருப்பவருக்கு இரண்டு கவலைகள் போதும்: மைக் எங்கே தூங்குகிறது, பதிவின்போது எங்கே நிற்கிறது. எந்த நிறுவனம், என்ன விலை என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கேள்விகள். இந்த வழிகாட்டியும் அந்த இரண்டையே சுற்றி வரும்.

உள்ளே என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் பராமரிப்பு விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கண்டென்சர் மைக்கின் தலைப்பகுதியில், பொன் முலாம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதுதான் டயஃப்ரம். தடிமன் சில மைக்ரான்கள்தான். ஒரு தலைமுடியின் தடிமனில் இது சிறு பகுதி. அதற்குப் பின்னால், மயிரிழை இடைவெளியில், ஓர் உலோகத் தகடு. இரண்டும் சேர்ந்து ஒரு மின்தேக்கி ஆகின்றன. குரல் பட்டுப் படலம் அசையும்போது இடைவெளி மாறுகிறது. அதனால் மின்னழுத்தம் மாறுகிறது. அந்த மாற்றமே ஒலிச் சமிக்ஞை. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் எட்வர்ட் வென்டே 1916-இல் உருவாக்கிய அமைப்பு இது. நூறாண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை.

இந்த மின்தேக்கி மிகச் சிறியது. கொள்ளளவு பொதுவாகச் சில பத்து பிக்கோஃபாரட் அளவில்தான் இருக்கும். அதிலிருந்து தாழ்ந்த சுருதிகளையும் எடுக்க வேண்டுமென்றால், அடுத்துள்ள மின்சுற்றின் தடை ஒரு கிகா ஓம் அளவுக்கோ அதற்கு மேலோ இருந்தாக வேண்டும். நூறு கோடி ஓம். இவ்வளவு உயர்ந்த தடையின் மேல் நீராவி லேசாகப் படிந்தாலும் மின்னூட்டம் கசிய வழி கிடைத்துவிடுகிறது. அந்தக் கசிவு விட்டுவிட்டு நடப்பதால்தான் மழைக்கால மைக் பொரிகிறது. டைனமிக் மைக்கில் காந்தமும் கம்பிச்சுருளும் மட்டுமே இருப்பதால் அதற்கு இந்தத் தொல்லை கிடையாது. மேடைக் கச்சேரிகளில் டைனமிக் மைக்குகள் பல்லாண்டுகள் தாக்குப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனத்தின் எம்கேஎச் வரிசை மைக்குகள் கண்டென்சர் வகையே என்றாலும் இந்தச் சிக்கலிலிருந்து தப்பியவை. அவற்றில் மின்தேக்கி உயர் அதிர்வெண் சுற்றொன்றில் இணைக்கப்பட்டிருப்பதால் மின்தடை குறைவு. ஈரம் அதிகம் பாதிப்பதில்லை. மழைக்காடுகளில் பறவைக் குரல் பதிபவர்கள் அவற்றை விரும்புவது அதனால்தான். விலை வீட்டுப் பதிவுக்காரருக்கு எட்டாதது என்பதால் அந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிடலாம்.

முதல் படி: தேவையானதை மட்டும் வாங்குதல்

குரலுக்கு மட்டும் என்றால் ஓர் அங்குல அளவுள்ள பெரிய டயஃப்ரம் மைக் வசதியானது. வீணை, வயலின், மிருதங்கம் முதலியவற்றுக்குப் பென்சில் போன்ற சிறிய டயஃப்ரம் மைக் பொருந்தும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் பெரியதை வாங்குங்கள். ஒலி ஏற்கும் வடிவம் கார்டியாய்டு என்றிருந்தால் போதும். முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் கேட்காது.

விவரத்தாளில் பார்க்க வேண்டியது மைக்கின் சொந்த இரைச்சல் அளவு, அதாவது அமைதியிலும் மைக் தானே எழுப்பும் இரைச்சல். குறைவாக இருந்தால் நல்லது. ஆடியோ டெக்னிகா ஏடி2020 மைக்குக்கு அது 20 டெசிபெல். ரோட் என்டி1-ஏ மைக்குக்கு 5 டெசிபெல். நாடகக் குரல், செய்தி வாசிப்பு, உரக்கப் பாடும் பாட்டு என்றால் இந்த வேறுபாடு காதில் படாது. மெல்லப் பேசும் ஒலிப்புத்தகம், தம்புரா, தாலாட்டு போன்றவற்றில் நன்றாகவே படும்.

எலக்ட்ரெட் என்ற சொல்லைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் 1962-இல் உருவாக்கிய வகை அது. மின்னூட்டம் நிரந்தரமாகவே உள்ளே பொதிந்திருக்கும். பழைய கைப்பேசிகளில் இருந்தது மலிவானது என்பதால் எலக்ட்ரெட் எல்லாமே மலிவு என்று ஆகாது. மேலே சொன்ன ஏடி2020-உம் எலக்ட்ரெட்தான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சந்தையில் ஸ்டாண்ட், வடிகட்டி, ஸ்பாஞ்சு எல்லாம் சேர்த்து மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பெட்டிகளில், ஒரு முனை எக்ஸ்எல்ஆர் (மூன்று ஊசிகள் உள்ள மைக் செருகி), மறுமுனை கைப்பேசிச் செருகி என்றிருக்கும் கேபிள் ஒன்று வரும். 48 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் உண்மையான கண்டென்சர் மைக் அந்தக் கேபிளில் இயங்காது. அதில் இயங்குகிறது என்றால் பெரிய உடலுக்குள் சிறிய எலக்ட்ரெட் குமிழ் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டாம் படி: அறையைத் தயார் செய்தல்

"கண்டென்சர் மைக் வீட்டுக்கு ஆகாது, தெருவையெல்லாம் இழுத்துவிடும்" என்று பலர் சொல்வதில் பாதி உண்மைதான். கண்டென்சரின் வெளியீடு பெரியது. ஏடி2020 தரும் மின்னழுத்தம், அதே ஒலிக்கு ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக் தருவதைப் போல ஏழெட்டு மடங்கு. அதனால் எல்லாமே உரக்கக் கேட்கிறது. ஆனால் ஒரே தூரத்தில், ஒரே வடிவத்தில் இரண்டு மைக்குகளை வைத்து, குரலின் அளவைச் சமப்படுத்திக் கேட்டால், தெருவும் அறையும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில்தான் இருக்கும். டைனமிக் மைக்கை உதட்டில் ஒட்டிப் பிடிக்கிறோம், கண்டென்சரைத் தள்ளி வைக்கிறோம். வேறுபாட்டின் பெரும்பகுதி அதில் இருக்கிறது. மிச்சம் உயர்ந்த சுருதிகளைக் கண்டென்சர் கூர்மையாக எடுப்பதால் வருவது.

ஆகவே அறையைப் பாருங்கள். நம் வீடுகளில் தரை டைல்ஸ், சுவர் சிமெண்ட் பூச்சு, கூரை கான்கிரீட். எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்பும் பரப்புகள். அறை நடுவே நின்று ஒருமுறை கை தட்டுங்கள். "டிர்ர்" என்று தகரம் அதிர்வதுபோல ஒரு வால் நீண்டால், அந்த வால் உங்கள் பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் நீளும். கூடம் வேண்டாம். கட்டில், மெத்தை, துணி அலமாரி நிறைந்த படுக்கையறையைத் தேர்ந்தெடுங்கள். சுவரிலிருந்தும் மூலையிலிருந்தும் தள்ளி, ஆனால் அறையின் நட்டநடுவாகவும் இல்லாமல் நில்லுங்கள்.

முட்டை அட்டை ஒட்டுவதை விட்டுவிடுங்கள். அது ஒலியை உறிஞ்சாது; பல்லிக்கும் கரப்பானுக்கும் வீடு கட்டிக் கொடுக்கும். அரை அங்குல ஸ்பாஞ்சுப் பலகைகள் "ச", "ஸ" போன்ற கீச்சொலிகளை மட்டும் விழுங்கிவிட்டு, குரலின் அடிப்பகுதியை அறையில் சுழலவிடும். அறை மந்தமாகவும் இருக்கும், முழங்கவும் செய்யும். தடிமன்தான் வேலை செய்கிறது. வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அதைவிட மலிவான, நல்ல ஒலி உறிஞ்சி கிடைக்காது. அதைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரற்கடை இடைவெளி விட்டு நிறுத்தினால் இன்னும் தாழ்ந்த ஒலிகளையும் பிடிக்கும்.

அதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் வளைவான தடுப்பு வைப்பது வழக்கமாகிவிட்டது. படத்தில் அழகாகவும் இருக்கிறது. ஆனால் கார்டியாய்டு மைக் பார்த்துக்கொண்டிருப்பது உங்களையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும்தான். எனவே முதல் மெத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால் போக வேண்டும். இரண்டாவது இருந்தால் பக்கவாட்டில். தரையில் ஒரு சமுக்காளம் விரியுங்கள். மெல்லியது என்பதால் பெரிய மாற்றம் தராது, டைல்ஸின் கீச்சொலியைக் கொஞ்சம் குறைக்கும்.

அடுத்து ஓசைகள். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். ஏ.சி. இருந்தால் அறையை முன்பே குளிர்வித்துவிட்டு, பதிவு நேரத்தில் அணைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் பக்கத்து அறையில் இருந்தாலும் அதன் உறுமல் தரை வழியாக வரும். அதை அணைத்தால் மறுபடி போட மறக்காமலிருக்க, வாசல் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களிடையே உள்ள பழைய தந்திரம். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மைக்கின் முதுகு இருக்கட்டும். கார்டியாய்டின் காது மந்தமான பக்கம் அதுதான். நேரத்தைப் பொறுத்தவரை அதிகாலை நல்லது. மார்கழியில் அப்படித் திட்டமிடுபவர் அருகிலுள்ள கோயிலின் ஒலிபெருக்கி எந்தத் திசையில் கட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

மூன்றாம் படி: இணைக்கும் வரிசை

கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் வேண்டும். அது அதே எக்ஸ்எல்ஆர் கேபிள் வழியாகவே இன்டர்ஃபேஸிலிருந்து வருகிறது. ஃபாண்டம் பவர் என்பது இதைத்தான். ஏன் 48 வோல்ட் என்ற கேள்விக்கு விடை நார்வேயில் இருக்கிறது. 1966-இல் நோய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்காக கேஎம்84 மைக்கைத் தயாரித்தபோது, அங்குள்ள ஸ்டூடியோக்களில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்வசதி ஏற்கெனவே இருந்தது. அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். பின்னர் அது உலகத் தரமானது.

வரிசை இதுதான். மைக்கின் ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கர் ஒலியை அணையுங்கள், ஹெட்ஃபோனைக் காதிலிருந்து கழற்றுங்கள். மைக்கை ஸ்டாண்டில் பொருத்திய பிறகு கேபிளை மைக்கிலும் இன்டர்ஃபேஸிலும் செருகுங்கள். இப்போது 48 வோல்ட் பொத்தானை அழுத்துங்கள். ஓரிரு நிமிடம் விட்டுவிட்டுக் கெயினைக் கூட்டுங்கள். முடிக்கும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: கெயினைக் குறைத்து, 48 வோல்ட்டை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, பிறகு கேபிளைக் கழற்றுங்கள். மைக்குக்குள் உள்ள மின்தேக்கிகள் காலியாக அந்த ஒரு நிமிடம் வேண்டும். மின்சாரம் இருக்கும்போதே கேபிளைப் பிடுங்குவதால் எழும் "டப்" ஓசை ஸ்பீக்கருக்கும் காதுக்கும் கேடு. இன்டர்ஃபேஸின் முன்பெருக்கிக்கும் நல்லதல்ல.

பல இன்டர்ஃபேஸ்களில் இரண்டு உள்ளீடுகளுக்கும் ஒரே 48 வோல்ட் பொத்தான்தான் இருக்கும். பக்கத்து உள்ளீட்டில் டைனமிக் மைக் இருந்தால், சரியான எக்ஸ்எல்ஆர் கேபிள் என்றால் அதற்கு ஒன்றும் ஆகாது. பழைய ரிப்பன் மைக் (மெல்லிய உலோக நாடா அசைந்து ஒலி எடுக்கும் வகை) இருந்தால் கழற்றிவிடுங்கள்.

சரிபார்க்க மைக்கைத் தட்டவோ "ஃபூ" என்று ஊதவோ கூடாது. மேடையில் தொற்றிய பழக்கம் அது. சில மைக்ரான் தடிமனுள்ள படலத்தின் மேல் எச்சில் துளிகளைத் தெளிப்பது அந்த ஊதல். பேசிப் பார்த்தாலே போதும்.

நான்காம் படி: எங்கே நிற்பது

முதலில் மைக்கின் முகம் எது என்று பாருங்கள். பெரிய டயஃப்ரம் மைக்குகளில் பெரும்பாலானவை பக்கவாட்டில் கேட்பவை; நிறுவன முத்திரை அல்லது கார்டியாய்டு குறி உள்ள பக்கம்தான் முகம். அதன் உச்சந்தலையில் பாடுபவர்களையும், முதுகில் பாடுபவர்களையும் இன்றும் காணலாம். குரல் தூரத்தில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் பதிவாகிறது என்று வருந்துபவர் மைக்கைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

தூரத்துக்கு அளவுகோல் தேவையில்லை. கையை விரித்து ஒரு சாண் வையுங்கள். உதட்டுக்கும் மைக்குக்கும் இடையில் அதுவே தொடக்க நிலை. வாய்க்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் மைக்கிலிருந்து நாலு விரற்கடை தள்ளி இருக்கட்டும். சாணுக்கும் குறைவாக நெருங்க நெருங்க, கார்டியாய்டு மைக்கில் அடிக்குரல் பெருகும். வானொலி அறிவிப்பாளர் குரலுக்கு அது கம்பீரம். பாட்டுக்கு ஆபத்து, ஏனென்றால் தலையை இரண்டு அங்குலம் அசைத்தாலே குரலின் நிறம் மாறிவிடும். தாளம் போட்டுத் தலையாட்டிப் பாடும் கர்நாடக இசைக்காரர்கள் ஒரு முழம் தள்ளி அமர்வது நல்லது. அப்போது அறை சுத்தமாக இருந்தாக வேண்டும், ஏனென்றால் தூரம் இரட்டிப்பாகும்போது நேரடிக் குரல் 6 டெசிபெல் குறையும், அறையின் எதிரொலி குறையாது.

காற்றடிப்புப் பற்றி. இந்தி, ஆங்கிலச் சொற்களில் வரும் மூச்சு சேர்ந்த ப-ஒலி தமிழில் கிடையாது என்பதால் நமக்குத் தொல்லை கொஞ்சம் குறைவு. ஆனால் சொல்முதலில் வரும் "ப"வை அழுத்தி உச்சரிக்கும் மேடைப் பேச்சுக்காரர்களும், "பாப்பா", "அப்பப்பா" வரும் பாடல்களும் மைக்கைத் திணறடிக்கும். பாப் ஃபில்டர் இருந்தும் அடித்தால் மைக்கை மூக்கு உயரத்துக்குத் தூக்கி, வாயை நோக்கிச் சற்றே சாயுங்கள். காற்று நேராகப் போகும், குரல் எல்லாத் திசையிலும் பரவும். "ச", "ஸ" சீறினால் மைக்கின் முகத்தைப் பத்துப் பதினைந்து பாகை பக்கவாட்டில் திருப்பினால் போதும். பிறகு மென்பொருளில் சரிசெய்யலாம் என்று விடுவதைவிட இது சுலபம்.

எழுத்தைப் பார்த்து வாசிப்பவர்கள் மைக்கை மேசைமேல் வைத்துத் தாளையும் மேசைமேல் விரித்தால் இரண்டு கெடுதல். குரல் மேசையில் பட்டுத் திரும்பிக் குடைந்த ஒலி தரும், தாள் சரசரக்கும். மைக்கைத் தரை ஸ்டாண்டில் நிறுத்தி, தாளைக் கண்மட்டத்தில் ஒரு பக்கமாக மாட்டுங்கள். மைக்கை அதிர்வு தடுக்கும் ஷாக் மவுண்டில் தொங்கவிடுங்கள். அதன் ரப்பர் வளையங்கள் நம் வெயிலில் ஓரிரு ஆண்டுகளில் தளர்ந்துவிடும். மாற்று வளையங்கள் தனியே கிடைக்கின்றன.

ஐந்தாம் படி: அளவு வைத்தல்

பதிவு மென்பொருளில் 24 பிட் என்ற தரத்தைத் தேர்ந்து பதியுங்கள். அதன் பிறகு சிவப்புக் கோடு வரை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. பேச்சின் உச்சங்கள் −12 டெசிபெல் அருகே நின்றால் போதும். பாட்டென்றால் மந்திர ஸ்தாயியில் அளவு வைப்பதால் பயனில்லை. பாடகரைத் தார ஸ்தாயியில் அவர் தொடும் உச்சியில் முழுக்குரலில் பாடச் சொல்லி, அது −6ஐத் தாண்டாதபடி வைத்துவிட்டு அதன்பின் குமிழைத் தொடாதீர்கள். ஒத்திகையில் பாடுவதைவிடப் பதிவில் எல்லோரும் உரக்கத்தான் பாடுவார்கள்.

மைக்கிலோ இன்டர்ஃபேஸிலோ தாழ்சுருதி வடிகட்டிப் பொத்தான் இருந்தால் குரலுக்குப் போடுங்கள். பொதுவாக 80 ஹெர்ட்ஸ் அருகே வெட்டும். தெரு லாரியும் மேல்வீட்டு நாற்காலியும் அதில் போய்விடும். மிருதங்கத்துக்குப் போடாதீர்கள்.

சுருதிப் பெட்டியோ செயலியோ ஹெட்ஃபோனில் மட்டும் ஒலிக்கட்டும். மூடிய வகை ஹெட்ஃபோனாக இருப்பது அவசியம். திறந்த வகையில் ஒலி கசிந்து மைக்கில் ஏறும்.

வாத்தியங்களுக்குச் சில குறிப்புகள்

வீணைக்கு மைக்கை ஒரு முழம் முன்னால் வைத்துக் குடத்தின் மேற்பலகையை, குதிரைக்குச் சற்று இப்பால், பார்க்கச் சொல்லுங்கள். மெட்டுகளின் பக்கம் திருப்பினால் விரல் உரசல் முன்னுக்கு வந்துவிடும். நம் வயலின்காரர்கள் தரையில் அமர்ந்து வாத்தியத்தைக் காலை நோக்கிச் சாய்த்து வாசிப்பதால், மேற்கத்திய வழிகாட்டிகளின் படங்கள் இங்கே உதவாது. மைக் முன்பக்கம் மேலிருந்து, ஒன்றரை முழம் தள்ளி, வாத்தியத்தின் மேற்பலகையைப் பார்க்க வேண்டும்.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக் இருந்தால் வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொன்று என்று பிரிப்பவர்கள் உண்டு. வீட்டில் ஒரே மைக்கை வாசிப்பவருக்கு நேர் எதிரே, இரண்டு தலைகளுக்கும் நடுவில், ஒன்றரை முழம் தள்ளி வைப்பதே எனக்குப் பிடித்தது. வலந்தலையின் "நம்" காதைக் கிழித்தால் மைக்கை அரைச் சாண் தொப்பிப் பக்கம் நகர்த்தினால் சமன்படும். புல்லாங்குழலுக்கு ஊதும் காற்றின் வழியில் மைக் நிற்கவே கூடாது. மேலிருந்து, வாய்க்கும் விரல்களுக்கும் இடைப்பட்ட பகுதியைப் பார்க்கட்டும். நாதஸ்வரத்தைச் சின்னப் படுக்கையறையில் பதிவதைத் தவிர்த்துவிடுங்கள். மைக் தாங்கும், ஏடி2020 144 டெசிபெல் வரை தாங்கக்கூடியது. இன்டர்ஃபேஸின் உள்ளீடும் அறையும்தான் தாங்காது. மொட்டைமாடியில் காற்றில்லாத வேளையில், வாத்தியத்தின் அணைசு (விரிந்த முனை) நேராகப் பார்க்காத இடத்தில், இரண்டு மூன்று முழம் தள்ளி முயன்று பாருங்கள்.

வீணை வாசித்துக்கொண்டே பாடுபவரைத் தனித்தனியாகப் பதிய வேண்டுமானால், மைக்கில் முன்னும் பின்னும் மட்டும் கேட்கும் எட்டு வடிவம் இருந்தால் பயன்படுத்துங்கள். அதன் இரு பக்கவாட்டுகளும் ஏறக்குறைய முழுச்செவிடு. குரல் மைக்கின் செவிட்டுப் பக்கத்தை வீணைக்குக் காட்டினால் பிரிவு வியக்கும்படி கிடைக்கும்.

ஆறாம் படி: உலர்த்தி வைத்தல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் பின்பற்ற முடியுமென்றால் இதைப் பின்பற்றுங்கள்.

பதிவு முடிந்ததும் மைக்கை உடனே பெட்டிக்குள் அடைக்காதீர்கள். பாடியவரின் மூச்சு ஈரம் வலைக்குள் இருக்கும். கால் மணி, அரை மணி நேரம் ஸ்டாண்டிலேயே விட்டு ஆறவிடுங்கள். மெல்லிய துணிப்பை ஒன்றைத் தூசிக்காகக் கவிழ்க்கலாம். பிறகு ரப்பர் வளையத்துடன் இறுக மூடும் சமையலறை டப்பா ஒன்றில் வையுங்கள். ஐந்து லிட்டர் டப்பாவுக்கு நூறு, இருநூறு கிராம் சிலிக்கா ஜெல் துணிப்பையில் கட்டிப் போட்டு, சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே வையுங்கள். முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நின்றால் சரி. 60-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்ற வேண்டும். புகைப்படக்காரர்கள் லென்சுக்கு வாங்கும் மின்சார உலர்பெட்டி இருந்தால் இதையெல்லாம் அது தானே பார்த்துக்கொள்ளும். மூன்று நான்கு மைக் சேர்ந்துவிட்டால் அந்தச் செலவு நியாயமானது.

நிறம் மாறும் ஜெல் வாங்குங்கள். ஆரஞ்சு பச்சையாகும் வகையே நல்லது. நீலம் இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் உப்பு உண்டு, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். நிறம் மாறிய ஜெல்லைச் சுமார் 110, 120 பாகை செல்சியஸில் அவனில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். சமையலுக்குப் பயன்படும் தட்டில் வேண்டாம்.

மைக்கை அரிசிக்குள் புதைக்கும் யோசனை கைப்பேசிகளிடமிருந்து வந்தது. அரிசி அவ்வளவாக ஈரத்தை உறிஞ்சாது. அதன் மாவுத்தூசி டயஃப்ரமில் ஒட்டும். வெயிலில் காயவைப்பதும், தலைமுடி உலர்த்தும் கருவியைக் காட்டுவதும் படலத்தின் இழுவையைக் கெடுக்கும். அலமாரியில் அந்துருண்டையோடு வைப்பதும் கூடாது. அது ஆவியாகி வேறிடத்தில் படிகமாகப் படியும் பொருள். சாம்பிராணி போடும் அறையில் மைக் திறந்து நிற்கவே கூடாது. மின்னூட்டம் ஏறிய படலம் புகைத்துகளையும் தூசியையும் தானே இழுத்துக்கொள்ளும். வேலை இல்லாதபோது 48 வோல்ட்டைப் போட்டபடி விட வேண்டாம் என்பதும் இதே காரணத்தால்தான்.

ஏ.சி. அறையிலிருந்து மைக்கை வெளியே எடுத்துச் செல்லும்போது மூடிய டப்பாவிலேயே எடுத்துச் சென்று, அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். குளிர்ந்த உலோகத்தில் வெளிக்காற்று பட்டதும் நீர்த்துளி கட்டும். குளிர்பான பாட்டிலின் மேல் வியர்ப்பது போன்றதுதான்; மைக்கில் அது டயஃப்ரமின் மேலேயே வியர்க்கும்.

சுத்தம் செய்தல்

இதில் செய்ய வேண்டியது குறைவு, செய்யக்கூடாதது அதிகம். வெளிவலையையும் உடலையும் பிழிந்த துணியால் துடையுங்கள். மைக் தலைகீழாகச் சாய்ந்திருந்தால் துடைக்கும் நீர் உள்ளே இறங்காது. துணியாலான பாப் ஃபில்டரை மென்மையான சோப்பு நீரில் அலசி, முழுவதும் காய்ந்த பின் மாட்டுங்கள். எச்சிலைத் தடுத்து டயஃப்ரமைக் காப்பதே அதன் பாதி வேலை. டயஃப்ரமைத் தொடாதீர்கள், பஞ்சு வைக்காதீர்கள், ஸ்பிரிட் தெளிக்காதீர்கள். அழுத்தக் காற்றுக் குப்பியை அதன் அருகே கொண்டுவரவே கூடாது. ஒரே பீய்ச்சலில் படலம் கிழியலாம். சில மைக்குகளில் வலைக்கு உள்ளே ஸ்பாஞ்சு உறை இருக்கும். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அது சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உதிரத் தொடங்கும். தூளாகி டயஃப்ரமில் ஒட்டுவதற்குள் மாற்றிவிட வேண்டும்.

ஓசையை வைத்துக் கோளாறு கண்டுபிடித்தல்

பொரியும் ஓசை, சடசடப்பு: ஈரம். கேபிளை மாற்றியும் தொடர்ந்தால் மைக்கைப் புதிய சிலிக்கா ஜெல்லோடு இரண்டு நாட்கள் மூடி வையுங்கள். பெரும்பாலும் குணமாகும்.

இடைவிடாத "உம்" ஓசை: 50 ஹெர்ட்ஸ் மின்கசிவு. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜர் அல்லது எர்த் இல்லாத பிளக். எர்த் முனையை உடைத்துவிடச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து. மின்வெட்டின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் "உம்" கரகரப்பாக மாறும். அப்போதும் பேட்டரிதான் வழி.

"ஸ்ஸ்" என்ற இரைச்சல்: கெயின் மிக அதிகம். மைக்கை நெருங்கிக் கெயினைக் குறையுங்கள். நெருங்கியும் இருந்தால் அது மைக்கின் சொந்த இரைச்சல்.

"டிக்-டிக்-டிர்ர்" என்று தாளம்போல வந்தால் பக்கத்தில் கைப்பேசி இருக்கிறது.

ஒலியே இல்லை: 48 வோல்ட் பொத்தான், அடுத்துக் கேபிள். ஒரு முனை எக்ஸ்எல்ஆர், மறுமுனை கிதார் செருகியாக இருக்கும் கேபிளை இன்டர்ஃபேஸில் போட்டால் பொதுவாக அதில் ஃபாண்டம் பவர் வராது. இரு முனையும் எக்ஸ்எல்ஆர் ஆக இருக்க வேண்டும்.

உலர்த்திய பிறகும் பொரிந்தாலோ, ஒரு நாளில்லாமல் ஒரு நாள் ஒலி மங்கினாலோ, டயஃப்ரமில் அழுக்கு ஏறியிருக்கலாம். அப்போது மைக் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் கொடுங்கள். பொதுவான ஆடியோ மெக்கானிக் வேண்டாம். வீட்டில் திருகாணியைக் கழற்றிப் பார்ப்பதும் வேண்டாம். உள்ளே அந்த கிகா ஓம் தடையின் மேல் ஒரு விரல்ரேகையின் எண்ணெய் படிந்தாலே, ஈரமில்லாத கோடையிலும் மைக் பொரியத் தொடங்கிவிடும்.